சொல் விளக்கம்: தரவறிவு

கடன் சங்கங்களில் பணியாளர் பயிற்சி என்று பேச்சு எடுத்தாலே இப்போது 'டேட்டா லிட்டரசி', அதாவது தரவறிவு, என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. பல இடங்களில் அதற்கு 'டேஷ்போர்டு (எண்களைப் படமும் கோடுமாகக் காட்டும் கணினித் திரை) பார்க்கத் தெரிவது' என்று மட்டுமே பொருள் கொள்கிறார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அது கேட்பது இதைவிட அதிகம் என்று புரியும்.

'டேட்டா' என்பது 'டாட்டம்' என்ற லத்தீன் சொல்லின் பன்மை. 'கொடுக்கப்பட்டது' என்று பொருள். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஒரு கணக்கைத் தொடங்குவதற்கு 'இவை தரப்பட்டவை' என்று எடுத்துக்கொள்ளும் விவரங்களை அது குறித்தது. தமிழில் 'தரவு' என்பதும் 'தா', 'தரு' என்ற வினையடியில் பிறந்ததுதான். யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது புதுச் சொல்லும் இல்லை. கலிப்பாவின் முதல் உறுப்பு தரவு. தாழிசையும் தனிச்சொல்லும் சுரிதகமும் அதற்குப் பின்னால்தான் வரும். டேட்டாவைத் 'தகவல்' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. தவணைத் தேதி, தொகை, உறுப்பினர் எண் என்று தனித்தனியாகக் கிடப்பவை தரவுகள். 'இவர் மூன்று மாதமாகத் தவணை கட்டவில்லை' என்று அவற்றிலிருந்து தெரியவருவதே தகவல்.

'லிட்டரசி', எழுத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் எழுத்தறியாமைக்கான சொல்தான் முதலில் பிறந்தது. எழுத்தறிவுக்கான சொல் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. அப்புறம் அது கிளைவிட ஆரம்பித்தது. 1959-இல் பிரிட்டனில் கல்வி பற்றி வெளியான க்ரௌதர் அறிக்கை எண்ணறிவுக்கு 'நியூமரசி' என்று பெயர் வைத்தது. 1974-இல் அமெரிக்காவின் பால் சுர்கோவ்ஸ்கி, தகவலைத் தேடிப் பயன்படுத்தும் திறனை 'இன்ஃபர்மேஷன் லிட்டரசி' என்றார். அந்த வரிசையில் வந்ததுதான் டேட்டா லிட்டரசி. ஆய்வாளர்களான ராகுல் பார்கவாவும் கேத்தரின் டி'இக்னாசியோவும் அதை நான்கு திறன்களாக விளக்கியிருக்கிறார்கள்: தரவைப் படிப்பது, கையாள்வது, பகுத்துப் பார்ப்பது, அதை வைத்து வாதாடுவது. இந்த நான்காவதைத்தான் பயிற்சிகள் அதிகம் விட்டுவிடுகின்றன.

கடன் சங்கத்துக்கான ஆங்கிலச் சொல்லான 'கிரெடிட் யூனியன்' என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 'கிரெடிட்' நம்பிக்கையைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் இத்தகைய அமைப்புகளுக்குச் சிக்கன நாணயச் சங்கம் என்ற பெயரும் உண்டு. நாணயம் என்றால் காசு, நேர்மை இரண்டும்தானே. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ரைஃபைசன் போன்றவர்கள் தொடங்கிய இந்த முறை, 1900-இல் கனடாவின் கியூபெக்கில் தெஜார்தான் என்பவர் வழியாகவும், 1909-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டரிலும் வேர்விட்டது. கடன் வாங்குபவரும் சேமிப்பவரும் அங்கே உறுப்பினர்கள், அதாவது சொந்தக்காரர்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆளைத் தெரிந்து, அவர் நாணயத்தை நம்பிக் கடன் கொடுத்த காலம் அது. இன்று அந்த இடத்தில், ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுவாரா என்பதை எண்ணால் சொல்லும் ஒரு கடன் மதிப்பெண் உட்கார்ந்திருக்கிறது. ஆளைத் தெரிந்த பணியாளருக்கு அந்த எண்ணையும் தெரிந்திருக்க வேண்டும். கடன் சங்கத்தில் இந்தச் சொல்லுக்கு உள்ள தனிக் கனம் இதுதான்.

ஒரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு சங்கத்தில் 1,000 கடன்கள் நிலுவையில் உள்ளன. அவற்றில் 20 தவணை தவறியவை. விகிதம் 2 சதவீதம். அடுத்த ஆண்டு புதிதாக 1,000 கடன் கொடுக்கிறார்கள். தவறியவை 24 ஆகின்றன. விகிதம் 1.2 சதவீதம். அறிக்கையில் கோடு கீழே இறங்குகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் தவறியவர்கள் கூடியிருக்கிறார்கள். இறங்கியதற்குக் காரணம், கீழே இருக்கும் வகுஎண் பெருத்தது மட்டுமே. புதுக் கடன்கள் தவறுவதற்கு இன்னும் காலமே ஆகவில்லை. அமெரிக்காவில் கடன் சங்கங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான தேசியக் கடன் சங்க நிர்வாகத்துக்கு அனுப்பும் காலாண்டு அறிக்கையில் 2 மாதமோ அதற்கு மேலோ தவறினால்தான் அது தவறிய கடனாகக் கணக்கில் வரும். போன மாதம் கொடுத்த கடன் அதில் எப்படி வர முடியும்? சரி, அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? ஒரே காலாண்டில் கொடுத்த கடன்களை மட்டும் தனியே எடுத்து, ஓராண்டு கழித்து அவற்றில் எத்தனை தவறின என்று கேட்க வேண்டும். இதற்கு மென்பொருள் படிப்பு வேண்டாம். 'எதால் வகுத்தீர்கள்?' என்று கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்கிற துணிச்சல் வேண்டும். வாதாடுவது என்றது இதைத்தான்.

படிப்பது ஒரு பாதி. எழுத்தறிவில் எழுதுவதும் உண்டு அல்லவா? கவுன்ட்டரில் இருப்பவர் விண்ணப்பத்தைப் பதிவு செய்கிறார். 'கடன் எதற்காக' என்ற கட்டத்தில் பதினைந்து தேர்வுகள். வரிசை நீளமாக இருக்கிறது, அவர் 'மற்றவை' என்பதை அழுத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். ஆண்டு முடிவில் உறுப்பினர்கள் கடன் வாங்குவதற்கு முதல் காரணம் 'மற்றவை' என்று அறிக்கை சொல்கிறது. மருத்துவச் செலவுக்குச் சிறு கடன் திட்டம் வேண்டுமா என்று இயக்குநர் குழு யோசிக்கும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கட்டம் எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. கடன் சங்கத்தில் தரவை எழுதுபவர்களில் பெரும்பாலானோர் கவுன்ட்டரில்தான் இருக்கிறார்கள். பயிற்சியை மேலாளர்களோடு நிறுத்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடனை மறுக்கும்போதும் தரவறிவு தேவைப்படுகிறது. அமெரிக்காவில் 1974-இன் சமக் கடன் வாய்ப்புச் சட்டப்படி, கடன் மறுக்கப்பட்டவருக்குக் குறிப்பான காரணம் பெற உரிமை உண்டு. 'சிஸ்டம் ஒத்துக்கொள்ளவில்லை' என்பது காரணம் ஆகாது. வருமானத்தோடு ஒப்பிட்டால் ஏற்கெனவே உள்ள கடன் அதிகம் என்பது காரணம். இரண்டுக்கும் உள்ள தூரம் முழுக்கப் பணியாளரின் தரவறிவுதான்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? 'தரவு எழுத்தறிவு' நேர்ப் பெயர்ப்பு. எழுதும் பாதியை அது விடாமல் வைத்திருக்கிறது, ஆனால் எழுத்தைப் பற்றியது என்று மயங்க இடமுண்டு. 'தரவுக் கல்வி' என்பது கற்பிப்பதைத்தான் குறிக்கும், கற்றபின் வரும் திறனைக் குறிக்காது. 'தரவறிவு' எனக்குப் பிடித்தது. படிப்பறிவு, பட்டறிவு, எண்ணறிவு என்ற சொற்களோடு இயல்பாகச் சேர்கிறது. 'தரவறிவுள்ள பணியாளர்', 'தரவறிவுப் பயிற்சி' என்று தடையில்லாமல் நீள்கிறது.

இதை வளர்க்க ஆரம்பிக்கும் சங்கங்களுக்கு நான் முதலில் சொல்வது ஒரு தரவு அகராதி. 'செயல்படும் உறுப்பினர்' என்றால் யார்? கடன் பிரிவுக்கு, நிலுவைக் கடன் உள்ளவர். சேமிப்புப் பிரிவுக்கு, கடந்த 90 நாளில் பணம் போட்டவரோ எடுத்தவரோ. இரண்டு பிரிவும் ஒரே கூட்டத்தில் இரண்டு எண்ணிக்கை சொல்லும்; இரண்டும் அவரவர் கணக்கில் சரியே. இப்படிப்பட்ட இருபது சொற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எல்லாப் பிரிவும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறையை எழுதி, கவுன்ட்டரில் இருப்பவருக்கும் கிடைக்கும்படி வைத்துவிட்டு, அப்புறம் டேஷ்போர்டைத் திறக்கலாம்.