உப்புக்காற்றில் ஏசி போர்டுக்கு என்ன நடக்கிறது?

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு, திடீர்னு எப்படிப் போகும்?" வடசென்னைக் கடலோரத்தில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று சர்வீஸுக்கு எங்கே போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். இன்வெர்ட்டர் ஏசியை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட் பலகைதான் போர்டு. அது பல மாதங்களாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டே வந்திருக்கும். நமக்குத் தெரிய வருவது அது நின்றுபோன நாளில்தான்.

அவுட்டோர் யூனிட்டைக் கழற்றினால் பெரிய சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கனெக்டர் கால்களில்தான் பச்சை பூத்திருக்கும். பக்கத்தில் முடி மாதிரி ஓடும் செம்புக் கோடு ஒன்று அறுந்திருக்கும். காரணம் கடல் உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும். நம் பக்கம் ராத்திரியில் இது சர்வசாதாரணம். போர்டில் படிந்த உப்புத்தூசி ஈரப் படலமாகிவிடும், ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்குக் கரண்ட் கசியும், செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பழைய ரேடியோவில் கால்களுக்கு நடுவே தாராளமாக இடம் இருந்தது. இப்போதைய சிப்புகளில் அரை மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளியை அடைக்க ஒரு துளி அழுக்கு போதும்.

ரிமோட்டில் அணைத்தாலும் பல ஏசிகளில் போர்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும், அரிப்பும் தொடரும். ஏசி போடாத மாதங்களில் ஏசியின் மெயின் சுவிட்சையே அணைத்து வையுங்கள். புதிதாக வாங்கும்போது போர்டுக்கு வார்னிஷ் மாதிரி பாதுகாப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும் என்பேன்.

அடுத்தது வெப்பம். போர்டில் கரண்டைத் தேக்கி வைக்கும் உருளை மாதிரியான பார்ட்தான் கெப்பாசிட்டர். அதில் 105 டிகிரி என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மேற்கு வெயில் விழும் சுவரில் யூனிட்டை மாட்டாதீர்கள். தலை உப்பிய கெப்பாசிட்டர்தான் கோளாறு என்றால் அதை மட்டும் மாற்றினாலே பல சமயம் சரியாகிவிடும். "முழு போர்டையே மாத்தணும்" என்று யாராவது சொன்னால், எந்த பார்ட் போயிருக்கிறது, காட்டுங்கள் என்று தைரியமாகக் கேளுங்கள்.

போர்டுக்கு இன்னொரு ஆபத்து வோல்டேஜ். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வரைக்கும் ஏறலாம். லைட் திடீரென்று பளிச்சென்று எரிந்தால் உடனே மெயினை அணைத்துவிடுங்கள்.

அப்புறம், வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வீடுகளுக்குள் வந்தபோது, வெளியே காய்ந்ததும் ஆன் செய்த மிஷின்கள் பலவற்றில் போர்டு எரிந்துபோயிருந்ததைப் பார்த்தேன். தண்ணீர் காய்ந்தாலும் உப்பும் சேறும் போர்டிலேயே தங்கிவிடும். ஆன் செய்யாமல் கொண்டுவந்தால் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்த்திக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும்.