பேரரசர் எழுதிய உயிர்மெய்

1547 பிப்ரவரியில் புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ், பிரெஞ்சு அரசவையில் இருந்த தன் தூதர் ழான் த செயின்ட் மோரிஸுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். மூன்று பக்கம், ஏறக்குறைய எழுபது வரி. வழியில் யார் பிரித்தாலும் புரியக்கூடாது என்று சங்கேதக் குறிகளில் எழுதியது. பிரான்சின் நான்சி நகரிலுள்ள ஸ்தானிஸ்லாஸ் நூலகத்தில் அது படிக்க ஆளில்லாமல் கிடந்தது. அப்படி ஒரு கடிதம் இருப்பதாக 2019இல் ஒரு விருந்தில் யாரோ சொல்ல, அதே ஊரில் சங்கேதவியல் ஆய்வாளராக இருக்கும் செசில் பியெரோவின் காதில் விழுந்தது. 2021இல்தான் அவர் அதைக் கண்ணால் பார்த்தார். அடுத்த ஆண்டே அவருடைய குழு அதைப் படித்துவிட்டது. எப்படிப் படித்தார்கள் என்பதைத் தமிழ் தெரிந்தவர்களுக்கு விளக்குவது சுலபம். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

ஓர் எழுத்துக்கு ஒரு குறி என்று மாற்றி எழுதினால் அதை உடைப்பது பெரிய வேலையில்லை. எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில எப்போதாவது தலைகாட்டும். எந்தக் குறி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்தாலே அது எந்த எழுத்து என்று பிடிபட்டுவிடும். 9ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் அல்-கிந்தி இந்த வழியை எழுதி வைத்துவிட்டார். ஐரோப்பிய அரசவைகளுக்கும் இது தெரியும். அதனால் எண்ணுகிறவனைக் குழப்புவதற்கென்றே சங்கேதங்களைக் கட்டினார்கள்.

சார்லஸின் கடிதத்தில் சுமார் 120 விதமான குறிகள். கடிதம் பிரெஞ்சில் எழுதியது. அந்த மொழிக்கு அத்தனை எழுத்து ஏது? சில குறிகள் முழுச் சொல்லுக்கு நிற்கின்றன. சில குறிகளுக்குப் பொருளே கிடையாது, ஏமாற்றுவதற்காக நடுவில் செருகியவை. கணினியைவிட்டு எல்லாச் சேர்க்கைகளையும் போட்டுப் பார்க்கச் சொன்னால் பிரபஞ்சத்தின் வயதே போதாது. கடிதமும் சின்னது. பல குறிகள் ஓரிரு தடவைதான் வரும், அதை வைத்து என்ன எண்ணுவது?

குறிகளை உற்றுப் பார்த்து, உருவத்தை வைத்துக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தபோதுதான் பிடி கிடைத்தது. ஒரே உடல், அதன்மேல் வேறு வேறு சின்ன அடையாளங்கள். அதே அடையாளங்கள் இன்னொரு உடலின்மேலும் வருகின்றன. மெய்யெழுத்துக்கு ஒரு குறி, அதைத் தொடரும் உயிருக்கு அதன்மேலேயே ஓர் ஒட்டு! நம் உயிர்மெய் மாதிரியேதான்.

தமிழ் தெரியாத ஒருவர் கையில் ஒரு தமிழ்க் கடிதத்தைக் கொடுத்துப் பாருங்கள். க, கி, கு, பி, பு, மி, மு எல்லாவற்றையும் தனித்தனிப் படமாக நினைத்தால் 247 எழுத்தையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். கி, பி, மி மூன்றிலும் மேலே ஒரே வளைவு இருக்கிறது என்று கவனித்த நொடியில் வேலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பேரரசரின் எழுத்தர்களுக்கு இந்த யோசனை அரபு எழுத்திலிருந்து வந்திருக்கலாம் என்று பியெரோ நினைக்கிறார். அரபியிலும் குறில் உயிரொலிகளை மெய்யின் மேலும் கீழும் சின்னக் குறிகளாகத்தானே போடுவார்கள்.

அதோடு விட்டார்களா? பிரெஞ்சில் மிக அதிகமாக வருவது, ஆங்கிலத்தில் ‘ஈ’ என்று சொல்கிறோமே, அந்த உயிரெழுத்து. சங்கேதத்தில் அதற்குக் குறி போடுவதே அபூர்வம். படிக்கிறவர் தானாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எண்ணிப் பார்க்கிறவன் முதலில் தேடுவது அதைத்தான். அதையே எடுத்துவிட்ட கெட்டிக்காரத்தனத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இருந்தும் சந்தேகங்கள் மிச்சம் இருந்தன. அதைத் தீர்த்தவர் வரலாற்று ஆய்வாளர் கமீய் தெசாங்க்லோ. ஆவணக் காப்பகங்கள் அவருக்கு அத்துபடி. பெசான்சோன் நகரில் இருந்த, அதே தூதருக்கு வந்த இன்னொரு சங்கேதக் கடிதத்தை அவர் கொண்டுவந்தார். அதன் ஓரத்தில் செயின்ட் மோரிஸே அர்த்தத்தை எழுதி வைத்திருந்தார். ரகசியக் கடிதத்தைப் படித்து, பக்கத்திலேயே விளக்கமும் எழுதி, பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். அன்று அது பாதுகாப்பில் பெரிய ஓட்டை. நமக்கு அது வரம்.

சரி, கடிதத்தில் என்னதான் இருந்தது? பயம். பிரெஞ்சு மன்னரிடம் வேலை பார்த்த இத்தாலியப் படைத்தலைவர் பியெர் ஸ்ட்ரோஸி தன்னைக் கொல்லத் திட்டமிடுவதாக ஒரு வதந்தி சார்லஸின் காதுக்கு எட்டியிருந்தது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தவர், அதில் உண்மை எவ்வளவு என்று தூதரைத் துருவச் சொல்கிறார். ஜெர்மனியில் புராட்டஸ்டன்ட் இளவரசர்களுடன் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே பிரான்சும் மோதலுக்கு வந்துவிடக்கூடாது என்ற கவலையும் அவருக்கு இருந்தது. கொலை முயற்சி எதுவும் நடக்கவில்லை. சார்லஸ் 1558 வரை வாழ்ந்து, நோயில் இறந்தார். பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாதான் அடுத்த மாதமே, 1547 மார்ச் 31 அன்று, காலமானார்.