காய்ச்சல் விட்ட பிறகு வந்த வாந்தி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மன்னார்குடிப் பக்கம் டெங்கு வரத் தொடங்கிவிடும். அப்படி வந்தவர்தான் அந்த முப்பது வயது விவசாயி. ஐந்தாம் நாள். "காய்ச்சல் நேத்தே விட்டுடுச்சு சார், வாந்தி மட்டும் நிக்கல" என்றார் அவருடைய அம்மா. மகனின் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்ததும் அவர் முகம் சுளித்தார். கல்லீரல் வீங்கியிருந்தது.

"என்னென்ன மாத்திரை கொடுத்தீங்க?" என்றேன். அம்மா மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தார். பாரசிட்டமால் 650, நாலு மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு நாளைக்கு 3,900 மில்லிகிராம். கூடவே சளி மாத்திரை மூன்று வேளை. அதற்குள்ளும் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. மொத்தம் 5,400. திடமான ஆளின் கல்லீரலுக்கே 4,000 தான் உச்சவரம்பு. இவரோ நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எஸ்.ஜி.ஓ.டி. 2,340. டெங்குவில் 1,000 தொட்டாலே தீவிரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆனால் உறவினர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "பிளேட்லெட் எவ்வளவு?"

வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. முதலில் பாரசிட்டமாலை நிறுத்தினோம். அளவு மீறிப் போயிருந்ததால் அதற்கு முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் டிரிப்ஸ் ஏற்றினோம். அப்புறம் சலைன். இதில்தான் கைப்பக்குவம் வேண்டும்: குறைந்தால் கல்லீரலுக்கு ரத்தம் போகாது, கூடினால், டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து வெளியே கசிந்த நீர் மறுபடி உள்ளே திரும்பும் நாட்களில் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். அதனால் ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), சர்க்கரை, ரத்தம் உறையும் நேரம் எல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தோம். பேச்சு குழறுகிறதா, பகலெல்லாம் தூங்கி வழிகிறாரா என்று அம்மாவையும் கவனிக்கச் சொன்னேன். அவை கல்லீரல் கைவிடுவதன் அறிகுறிகள்.

ஊரிலிருந்து மாமா ஒருவர் கீழாநெல்லிச் சாறோடு வந்தார். சண்டை போடவில்லை; இப்போதைக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். வலி ஊசி போடச் சொன்னதற்கு மட்டும் கண்டிப்பாக மறுத்தேன். அது ரத்தக் கசிவைக் கூட்டும்.

மறுநாள் எஸ்.ஜி.ஓ.டி. 3,100 வரை ஏறி, ஏழாம் நாள் இறங்கத் தொடங்கியது. அன்று சாயங்காலம் ரசம் சாதம் கேட்டார்.

"வயல்ல தண்ணி நிக்குதே, அந்தக் கொசுவா சார்?" என்றார் அம்மா. இல்லை, இது வீட்டுத் தண்ணீரில் வளர்கிற பகல் கொசு. மாட்டுத் தொட்டியைக் கொட்டிக் கவிழ்த்தால் போதாது, முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும், தேய்த்துக் கழுவுங்கள் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை: "தேங்காய் நாரு போட்டுத் தேச்சாச்சு சார்."