ஆய்வுக் கட்டுரையில் உங்கள் பெயரை நீக்கிவிட்டார்களா? மனு எழுதும் முன் படியுங்கள்

மூன்று வருடம் சோதனைக்கூடத்தில் கிடந்து தான் சேர்த்த தரவு, வேறு இருவர் பெயரில் அச்சாகி வந்ததை ஒரு ஆய்வு மாணவி என்னிடம் கொண்டுவந்து காட்டினார். புகார் கொடுத்திருக்கிறார். “மென்பொருளில் முன்பே அச்சானவற்றோடு ஒப்புமை 8 சதவீதம்தான், திருட்டு இல்லை” என்று நிறுவனத்தில் கையை விரித்துவிட்டார்கள்.

இந்தியாவில் இதற்கு இருப்பது பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள். 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. ஆனால் எங்குமே அச்சாகாத உங்கள் எழுத்து மென்பொருளிடம் இருக்காதே, அதோடு எப்படி ஒப்பிடும்? ஆகவே “பெயர் விட்டுப்போனது” என்று எழுதாதீர்கள். பிறர் உழைப்பையோ கருத்தையோ தனதெனக் காட்டுவதே திருட்டு என்று அதே விதி வரையறுக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, தேதியுள்ள வரைவு, மின்னஞ்சல்கள், ஆய்வுக் குறிப்பேட்டின் நகல் எல்லாவற்றையும் இணைத்து, அச்சான கட்டுரையை உங்கள் வரைவோடு ஒப்பிடும்படி கேளுங்கள்.

புகாரை முதலில் விசாரிப்பது துறை அளவிலான குழு. அதற்குத் துறைத் தலைவரே தலைவர். புகாரே அவர்மீது என்றால் அவர் மேசைக்கு மனுவைக் கொண்டுபோகாதீர்கள். நிறுவன அளவிலான குழுவுக்கு நேரே எழுதுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 45 நாள் கெடு. “குழு இன்னும் அமைக்கவில்லை”, “கோப்பு மேலே போயிருக்கிறது” என்பார்கள். துறைக் குழுவின் கெடுவை, புகார் கிடைத்த நாளிலிருந்தோ விசாரணை தொடங்கிய நாளிலிருந்தோ எண்ணச் சொல்கிறது விதி. அதனால் முத்திரையும் தேதியும் உள்ள ஒப்புகை இல்லாமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

விசாரணை அறிக்கையின் நகலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும் என்கிறது விதி. பாதிக்கப்பட்டவருக்கு அது தானாக வருவதில்லை, என்ன நியாயமோ! எழுதிக் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

ஆய்விதழுக்கும் எழுதுங்கள், ஆனால் தீர்ப்பை எதிர்பார்க்காதீர்கள். பெயர்த் தகராறைத் தீர்ப்பது இதழாசிரியரின் வேலையல்ல, நிறுவனத்தின் வேலை என்று மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவே சொல்லியிருக்கிறது. பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ கட்டுரையாளர்கள் அனைவரின் கையெழுத்தையும் கேட்பார்கள். “நடைமுறைக்காகத்தான்” என்று, கட்டுரையாளர் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை நீக்கும் படிவத்தை உங்களிடம் நீட்டினால் கையெழுத்திடாதீர்கள்.

“தரவு மட்டும்தானே சேர்த்தாய், எழுதவில்லையே. நன்றியுரையில் போட்டுவிடலாம்” என்பது எல்லாத் துறையிலும் கேட்கும் பேச்சு. எழுத வாய்ப்பே தராமல், எழுதவில்லை என்று விலக்குவதை அதே பன்னாட்டுக் குழுவின் நெறிமுறை ஏற்பதில்லை. ஆகவே “வரைவைத் திருத்துவதில் நானும் பங்கேற்கிறேன், அனுப்புங்கள்” என்று நெறியாளருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், அழித்துவிடலாம். பதில் வராவிட்டாலும் அந்த மின்னஞ்சல் நாளை மனுவோடு சேரும்.