பொண்ட், எழுத்துரு, எழுத்துமுகம்

கணினித் தட்டச்சு நிலையங்களில் நாளாந்தம் வழங்கும் 'பொண்ட்' என்ற சொல், உருக்கி வார்த்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. அதன் வேர், ஊற்றுதல் எனப் பொருள்படும் 'ஃபுந்தெரே' என்னும் இலத்தீன் வினை. ஈயத்தோடு வெள்ளீயமும் அந்திமனியும் கலந்து உருக்கி, ஒரே அளவிலும் ஒரே பாங்கிலும் வார்த்தெடுத்த எழுத்துகளின் முழுத் தொகுதியே அக்காலத்துப் பொண்ட் ஆகும். அதே வடிவமைப்பைப் பெரிய அளவில் வார்த்தால் அது வேறொரு பொண்ட். அளவு மாறினாலும் மாறாத வடிவமைப்பை 'ரைப்ஃபேஸ்' என்றார்கள்.

கணினியில் ஒரே கோப்பிலிருந்து எந்த அளவையும் பெறலாம் என்பதால் இவ்விரண்டும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. தமிழில் இரண்டுக்கும் 'எழுத்துரு' என்றே எழுதுகிறோம். இதிலுள்ள 'உரு' வடிவத்தைக் குறிப்பது. ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு அதை உருக்குதலோடு இணைப்பது பொருந்தாது. கணினிக் கோப்புக்கு எழுத்துரு நல்ல சொல்தான். ஆனால் பழைய பத்திரிகையை ஆராய்பவர் வடிவமைப்பை 'எழுத்துமுகம்' என்றும், உலோகத் தொகுதியை 'வார்ப்பெழுத்துத் தொகுதி' என்றும் பிரித்துச் சொல்வதே தெளிவானது என்பது என் கருத்து.

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இடப்பெயர்வுகளுக்கிடையே றங்குப்பெட்டியில் காப்பாற்றப்பட்ட மரண அறிவித்தல் நறுக்கில், பத்திரிகையின் பெயரும் திகதியும் இருந்த மேற்பகுதி பெரும்பாலும் வெட்டுப்பட்டிருக்கும். காலத்தைச் சொல்ல எஞ்சுவது எழுத்து மட்டுமே. நறுக்கைத் திருப்பிச் சாய்வெளிச்சத்தில் பிடித்தால், ஈய எழுத்து அழுத்திய தடம் சில வேளை பின்புறத்தில் மேடாகத் தெரியும். ஒரே வரியில் வரும் இரண்டு 'க'கரங்களில் ஒன்று மட்டும் மூளியாக இருந்தால், அது கையால் கோத்த, தேய்ந்த எழுத்தாக இருக்கக்கூடும். தட்டிலுள்ள மையை ரப்பர் உருளை வழியாகத் தாளில் ஒற்றும் ஓப்செற் அச்சில் தாள் அழுந்துவதில்லை.

ணை, லை, ளை, னை ஆகியவற்றில் ஐகாரக் குறி எழுத்தோடு இணைந்து யானைத் தும்பிக்கைபோல் வளையும் பழைய 'தும்பிக்கை' வடிவமும் ஒரு தடயம். தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் இவை உட்பட 13 எழுத்துகளை மாற்றியது. ஆயினும் அவ்வாணை இலங்கை அச்சகங்களைக் கட்டுப்படுத்தாததால், அந்த ஆண்டை இங்கே எல்லைக்கோடாகக் கொண்டு 'தும்பிக்கை இருக்கிறது, ஆகவே 1978க்கு முந்தியது' என்று முடிவுகட்டக் கூடாது.

கணினிக் காலத்து நறுக்குகளைக் கண்டதும் 'பாமினி' என்று சொல்லிவிடுவதும் அவசரமே. பாமினி என்பது ஓர் எழுத்துருவின் பெயர். அதன் விசைப்பலகை முறைக்கும் அதே பெயர் வழங்குகிறது. அந்த விசை முறையில் இயங்கும் வேறு எழுத்துருக்களும் உண்டு. தாளில் தெரிவது முகம் மட்டுமே. எந்த விசையைத் தட்டினார்கள் என்பதைத் தாள் காட்டாது. ஆகவே ஆவணப் பட்டியலில், முகத்தின் பெயர் உறுதியாகாதவிடத்து, 'ஈய எழுத்து, தும்பிக்கை லை, பின்புறத்தில் அழுத்தத் தடம்' என்று கண்டதை மட்டும் பதிவது போதும்.