வாழைப்பூவும் சிவப்பழகு கிரீமும்

"பார்லரில் ஒரு கிரீம் தருகிறார்கள். டப்பாவில் கம்பெனி பெயரே இல்லை. ஆனால் பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிடுகிறதாம். என் தங்கை பூசலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அந்தப் பத்தே நாள்தான் எனக்கு இடிக்கிறது. ஸ்டீராய்டாக இருக்கலாம், ஹைட்ரோகுவினோன் என்ற வெளுப்பு மருந்தாக இருக்கலாம். நான் முதலில் சந்தேகப்படுவது பாதரசத்தை.

தோலுக்கு நிறம் தருவது மெலனின், பள்ளியில் படித்ததுதான். அதன் தயாரிப்பைத் தொடங்கி வைப்பது டைரோசினேஸ் என்ற நொதி. இந்த நொதியின் பங்காளி ஒருவர் நம் அடுக்களையிலேயே இருக்கிறார். வாழைப்பூவை நறுக்கியதும் மோர்த்தண்ணீரில் போடுகிறோமே, ஏன்? சும்மா விட்டால் கறுத்துவிடும். கறுக்க வைப்பது இதே குடும்பத்து நொதி. மோரின் புளிப்பு அதை மந்தமாக்குகிறது.

நொதியின் நடுவே ஒரு சின்னக் குழி. அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு செம்பு அணுக்கள். இரண்டுக்கும் இடையில் ஆக்சிஜன் மூலக்கூறு குறுக்கே வந்து படுத்துக்கொள்ளும். (நண்டின் ரத்தம் நீலமாக இருப்பதும் இப்படி ஒரு செம்பு ஜோடியால்தான்!) அந்த நேரம் பார்த்து மெலனினின் மூலப்பொருளான டைரோசின் உள்ளே நுழைந்தால், ஆக்சிஜன் அதன் மேல் ஏறி, அது டோபாகுவினோன் என்ற பொருளாக வெளியே வரும். அப்புறம் நொதியின் தயவு பெரிதாக வேண்டாம். மூலக்கூறுகள் தாமாகவே பின்னிக்கொண்டு கறுத்துவிடும்.

பாதரசம் அந்தச் செம்பின் இடத்தில் தான் ஏறி உட்கார்ந்துவிடுகிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். செம்பு இல்லையேல் மெலனின் இல்லை, முகம் வெளுக்கிறது.

சரி, அதோடு நின்றால் பரவாயில்லை. தோல் வழியே ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது. வடிகட்டி ஓட்டையாகி, புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை இப்படிப் பலர் வந்தார்கள். மருத்துவர்கள் துருவிக் கேட்டபோது, அவர்களில் பலர் சிவப்பழகு கிரீம் பூசியது தெரிந்தது. நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள்.

நம் நாட்டு விதிப்படி, தவறிக் கலந்த பாதரசம்கூட கிரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பிடிபடும் கள்ளக் கிரீம்களில் ஆயிரக்கணக்கான பங்குகள் இருந்திருக்கின்றன. எக்ஸ் கதிர் பாய்ச்சி உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவியைக் காட்டினால் ஓரிரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மாவட்டத்துக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க அரசுக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. 'மூலிகைதான், பக்க விளைவே கிடையாது' என்று விற்பவரின் வாயை அடைக்க அதைவிட நல்ல வழி இல்லை.

லேபிள் இருந்தால் பாதரசத்தைக் குறிக்கும் கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரியோ போன்ற பெயர்களைத் தேடுங்கள். 'தங்க, வெள்ளி நகைகளில் படக் கூடாது' என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பது நம்மூர் ஆசாரிகளுக்குத் தெரியாததா?

உங்கள் தங்கை ஏற்கனவே பூசத் தொடங்கியிருந்தால், டப்பாவை இறுக மூடி ஒரு கவரில் கட்டி வையுங்கள். சிங்கில் கொட்ட வேண்டாம். மருத்துவரிடம் கிரீம் விஷயத்தைச் சொல்லி, சிறுநீரில் புரதமும் பாதரசமும் பார்க்கச் சொல்லுங்கள். அவளுடைய துண்டு, தலையணை உறையை மற்றவர்கள் தொட வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் குழந்தையையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.