கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு வீடியோ கால்

மார்பில் கட்டியா, சரி, இந்த வாரமே எடுத்துவிடலாம் என்று ஊரில் யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். புற்றுநோயில் எந்தச் சிகிச்சை முதலில் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கட்டி பெரிதாக இருந்தாலோ அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ, பல பேருக்கு முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அப்புறம்தான் அறுவை செய்வோம். அதற்குப் பயாப்ஸியும் (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பது), அந்தக் கட்டி எந்த மருந்துக்குக் கேட்கும் என்று காட்டும் ஈஆர், பிஆர், ஹெர் 2 பரிசோதனைகளும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். கர்ப்பப்பை விஷயம் இன்னும் வேதனை. உதிரப்போக்கு என்று போன அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள், அதற்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டில் கர்ப்பப்பை வாய்ப் புற்று என்று இருக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் சிகிச்சையை வேறு மாதிரி யோசித்திருக்கலாம்.

பெங்களூரில் நான் பார்க்கும் தமிழ் நோயாளிகளில் கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக்காரர்கள் நிறைய. கே.ஜி.எஃப்-இல் தங்கச் சுரங்கம் 2001-இல் மூடியதிலிருந்து பிழைப்புக்குப் பெங்களூர் ரயிலை நம்பியிருக்கிற குடும்பங்கள் ஏராளம். அதே ரயிலில் நோயாளியைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பி, ஓபி சீட்டுக்கு வரிசையில் நின்று, கடைசியில் "ஸ்லைடு கொண்டு வரலையா? எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்க" என்ற ஒரே பதிலோடு திரும்புகிறார்கள். ஸ்லைடு என்பது பயாப்ஸி சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைக்கும் கண்ணாடித் துண்டு. கூட வந்த மகனுக்கு அன்றைய கூலியும் போச்சு.

இந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவையே இல்லை. அறுவை, கீமோ, ரேடியேஷன் மருத்துவர்கள், ஸ்கேன் பார்ப்பவர், பயாப்ஸி பார்ப்பவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசி முடிவெடுப்பதைத்தான் டியூமர் போர்டு என்கிறோம். அதை வீடியோவில் நடத்தினால் மாவட்ட மருத்துவமனை டாக்டரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கலந்துகொள்ளலாம். 2012-இல் தொடங்கி, மும்பை டாடா மெமோரியல் ஒருங்கிணைக்கும் தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் 300-க்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன, அங்கே இப்படி இணையவழி டியூமர் போர்டும் நடக்கிறது.

ஆனால் கேமராவை ஆன் செய்தால் மட்டும் போதாது. சிடி ஸ்கேன் பிலிமை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஓரத்தில் கட்டைவிரல், நுரையீரலுக்குக் குறுக்கே விளக்கின் வெள்ளைக் கோடு. அதை வைத்துக்கொண்டு சின்னப் புள்ளி ஒன்று இருக்கிறதா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. ஸ்கேன் சென்டரில் கேட்டு முழு ஸ்கேனும் பதிந்த குறுந்தகட்டை வாங்கி வையுங்கள். பயாப்ஸி செய்த லேபில் ஸ்லைடையும், பிளாக் என்கிற, மெழுகில் பதித்த சதைத்துண்டையும் கேளுங்கள். இவை முன்கூட்டியே பெரிய மையத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்தக் கூட்டத்தில் பேசுவதற்கு ஏதாவது இருக்கும்.

நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது வீடியோவின் அந்தப் பக்கம், ஊர் மருத்துவமனையில் நோயாளியோடு உட்காரும் நர்ஸை. நாங்கள் இங்கே பாதி இங்கிலீஷில் பேசுவதை, "அம்மா, முதல்ல ஊசி மருந்து, அப்புறம்தான் ஆபரேஷன், அதுவரைக்கும் பயப்படாதீங்க" என்று அவர் சொல்லும்போதுதான் வீட்டுக்காரர்களுக்குப் புரிகிறது. நோயாளி அந்த அம்மா மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்பதும் அவருக்குத்தான் தெரியும், எந்த ஸ்கேனிலும் அது வராது. 2020-இல் வந்த டெலிமெடிசின் (போன், வீடியோ வழி மருத்துவம்) விதிகளும், ஆலோசனை கேட்கும் மருத்துவரே தொடர்ந்து சிகிச்சைக்குப் பொறுப்பு என்றுதான் சொல்கின்றன. ஆகவே உள்ளூர் டாக்டரை விட்டுவிட்டு நோயாளியோடு மட்டும் நாங்கள் பேசுவது சரிப்படாது. ராத்திரி காய்ச்சல் அடித்தால் அவரிடம்தானே ஓட வேண்டும்?

முடிவு எடுத்த பிறகு கீமோவைப் பல பேருக்கு ஊர்ப்பக்கமே கொடுக்கலாம். ரேடியேஷனுக்கு மட்டும் மெஷின் இருக்கிற ஊருக்கு வந்தே ஆக வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு மொத்தச் சிகிச்சையும் 8 வாரத்துக்குள் முடிவது நல்லது, தள்ளிப்போனால் பலன் குறையும். அதனால் மெஷின் தேதி என்ன, அத்தனை வாரமும் எங்கே தங்குவது என்று அந்த அழைப்பு முடிவதற்குள்ளேயே கேட்டுவிடுங்கள்.